மோட்லராய்ட்: ஓடை பிரித்த ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ஹோஃப் நகரத்துக்கு நான் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்குள்ள கல்லூரியில் படிக்க நம் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். யார் வந்தாலும் ஒரு நாள் காரில் ஏற்றி மோட்லராய்ட் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போவேன். ஜெர்மனி இரண்டு நாடாக இருந்தபோது நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்த ஊர் அது. போகும் வழியில் ஒரு பத்துக் கேள்வி, திரும்பும் வழியில் இன்னொரு பத்து. அநேகமாக எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த ஊர் எங்கே இருக்கு? எவ்வளவு பெரிசு?

ஹோஃபுக்கு வடக்கே, பதினைந்து கிலோமீட்டருக்குள். மியூனிக்கையும் பெர்லினையும் இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை பக்கத்தில்தான் போகிறது. மேடும் பள்ளமுமான வயல்கள், நடுநடுவே ஊசியிலைக் காடு, ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் சில பண்ணை வீடுகள். அவ்வளவுதான் ஊர். மொத்தம் ஐம்பது பேருக்குள் வசிக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு 'பவேரியாவின் சைபீரியா' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. ஜனவரியில் வந்தவர்கள் அதைக் கேலி என்று நினைக்க மாட்டார்கள்.

பேருக்கு என்ன அர்த்தம்? வாயிலேயே நுழையலையே!

'ராய்ட்' என்று முடியும் ஊர்கள் இந்தப் பக்கம் ஏராளம். பைராய்ட், மிஸ்லராய்ட், முன்ஷன்ராய்ட் என்று வரிசையாக வரும். காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்பது அந்த விகுதியின் பொருள். இடைக்காலத்தில் மரங்களை வெட்டி, வேரைப் பிடுங்கி, உழுது குடியேறிய இடங்கள் இவை. ஊர் சிறியதாகவே நின்றுபோனதற்கும் அதில் ஒரு காரணம் இருக்கிறது. இது சந்தை ஊரும் இல்லை, கோட்டை ஊரும் இல்லை. உழுகிற நிலம் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுமோ, அத்தனை குடும்பம்தான்.

ஒரே ஊர், ரெண்டு மாநிலமா? எல்லை எங்கே போகுது?

ஊருக்கு நடுவில் டான்பாக் என்று ஓர் ஓடை ஓடுகிறது. 'பாக்' என்றாலே ஓடைதான். பெரிதாக நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஓடிவந்து தாண்டினால் அந்தப் பக்கம் போய்விடலாம். இது ஸாலே ஆற்றில் சேர்கிறது. ஸாலே எல்பே ஆற்றில் சேர்கிறது. கடைசியில் எல்லாம் வட கடலுக்குப் போகிறது.

ஓடைக்கு ஒரு பக்கம் பவேரியா மாநிலம், ஹோஃப் மாவட்டம், டோப்பன் ஊராட்சி. மறுபக்கம் துரிங்கியா மாநிலம், ஸாலே-ஓர்லா மாவட்டம், கெஃபெல் நகராட்சி. ஊருக்குப் பெயர் ஒன்று, நிர்வாகம் இரண்டு. கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தால் ஸாக்ஸனி மாநிலமும் வந்து சேர்ந்து, மூன்று மாநிலங்கள் சந்திக்கும் எல்லைக் கல்லைப் பார்க்கலாம்.

இந்த எல்லையைப் போட்டது ரஷ்யாக்காரங்கதானே?

இல்லை. அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே டான்பாக் எல்லைதான். தெற்கே பைராய்ட் கோமான்களின் நிலம், வடக்கே ராய்ஸ் குடும்பத்தின் நிலம். ராய்ஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு வேடிக்கை: அந்த வீட்டில் பிறக்கும் ஆண் குழந்தை எல்லாருக்கும் ஹைன்ரிஷ் என்றுதான் பெயர். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அப்பா, பிள்ளை, சித்தப்பா எல்லாரும் ஹைன்ரிஷ்.

பைராய்ட்டின் கடைசிக் கோமான் 1791இல் தன் நிலத்தை பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் அரசிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் நெப்போலியன் பிரஷ்யாவைத் தோற்கடித்ததும் அது பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1810இல் பவேரியா அதை நெப்போலியனிடமிருந்து ஒன்றரைக் கோடி ஃப்ராங்க் விலையில் வாங்கியது. ஆக, ஊரின் தெற்குப் பாதி பவேரியாவானது இப்படி ஒரு கொள்முதலில்தான். அதே 1810இல் ஓடையோரம் எல்லைக் கற்கள் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரிய ராஜ்ஜியத்தின் முதலெழுத்துகள், மறுபக்கம் ராய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகள். முதல் உலகப்போருக்குப் பின் சிற்றரசர்கள் எல்லாரும் போனார்கள். 1920இல் ராய்ஸ் நிலமும் சேர்ந்து துரிங்கியா என்ற மாநிலம் உருவானது. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போ நானூறு வருஷமா ஊர்க்காரங்க பிரிஞ்சா இருந்தாங்க?

காகிதத்தில் மட்டும். வரி ஒருவருக்கு இங்கே, இன்னொருவருக்கு அங்கே. மற்றபடி ஒரே ஊர். பள்ளிக்கூடமும் சாராயக்கடையும் துரிங்கியா பக்கம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு எல்லாரும் பவேரியா பக்கத்து டோப்பனுக்குப் போனார்கள். பெண் எடுப்பது, கொடுப்பது, நிலம் வாங்குவது எல்லாம் ஓடையைத் தாண்டித்தான் நடந்தது.

பவேரியா என்றாலே கத்தோலிக்கர்கள் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பைராய்ட் கோமான்கள் 1528லேயே லூதரின் சீர்திருத்தத்துக்கு மாறிவிட்டார்கள். அதனால் இந்த வட்டாரத்தில் எல்லையின் இரு பக்கமும் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்கள்தான். மதமும் இந்த ஊரைப் பிரிக்கவில்லை.

சரி, சாதாரண ஓடை எப்படி ரெண்டு நாட்டைப் பிரிக்கிற இரும்புத்திரை ஆச்சு?

இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944 செப்டம்பரில், நேச நாடுகள் லண்டனில் உட்கார்ந்து ஜெர்மனியை யார் யார் எந்தப் பகுதியில் ஆள்வது என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். புதிதாக அளக்க நேரமில்லை. பழைய மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத்துக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. நெப்போலியன் காலத்துக் கல்லும் அதற்கு முந்தைய ஓடையும் இப்படித்தான் உலக அரசியலுக்குள் வந்தன. அந்த மேசையில் இருந்த யாருக்கும் மோட்லராய்ட் என்று ஒரு ஊர் இருப்பது தெரிந்திருக்காது என்பது என் ஊகம்.

1945 ஏப்ரலில் முதலில் வந்தது அமெரிக்கப் படைதான். துரிங்கியாவையும் பிடித்தார்கள். ஆனால் ஒப்பந்தப்படி ஜூலைத் தொடக்கத்தில் துரிங்கியாவைச் சோவியத் படையிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். 1949இல் அமெரிக்கா இருந்த பக்கம் மேற்கு ஜெர்மனி, சோவியத் இருந்த பக்கம் கிழக்கு ஜெர்மனி என்று தனித்தனி நாடுகள் ஆனபோது டான்பாக் ஒரு நாட்டின் எல்லையானது. அப்போதுகூட அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு வயலுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்வர முடிந்தது.

அப்போ சுவர் எப்பதான் வந்தது? பெர்லின் சுவருக்கு முன்னாடியா?

கதவு அடைபட்டது பெர்லினுக்கு முன்பு. சுவர் வந்தது பின்பு. 1952 மே 26ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி ஓர் ஆணை போட்டது. எல்லை நெடுக 10 மீட்டர் அகலத்துக்கு உழுது வெறுமையாக வைத்த மண், யார் மிதித்தாலும் தடம் தெரியும்படி. அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடைப்பகுதி. ஓடையிலிருந்து 500 மீட்டர் என்றால் கிழக்கு மோட்லராய்ட் முழுவதுமே அதற்குள் அடங்கிவிட்டது.

ஊருக்கு நடுவில் முதலில் பலகை வேலி, பிறகு முள்கம்பி வேலி. 1966இல் கான்கிரீட் சுவர்: 700 மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். பெர்லினில் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்டில். எல்லை முழுவதற்கும் இப்படிக் கான்கிரீட் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் எல்லையில் பெரும்பகுதி கம்பிவலை வேலிதான். ஊரை ஒட்டிய இடங்களில் மட்டும் சுவர். வேலி ஆளைத்தான் தடுக்கும், சுவர் பார்வையையும் தடுக்கும் என்பதுதான் கணக்கு.

கிழக்குப் பக்கம் இருந்தவங்க முன்னாடியே கிளம்பிப் போயிருக்கலாமே?

சிலர் கிளம்பினார்கள். ஆனால் ஓர் உழவனிடம் நிலத்தையும் மாட்டையும் தொழுவத்தையும் விட்டுவிட்டுப் போ என்பது சுலபமில்லை. இது கொஞ்ச நாள் கூத்து, சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

வேறொன்றும் நடந்தது. 1952 ஜூனில் 'நம்பத்தகாதவர்கள்' என்று அரசு பட்டியல் போட்ட குடும்பங்களை எல்லையோரத்திலிருந்து பிடுங்கி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு லாரியில் ஏற வேண்டியதுதான். மோட்லராய்டும் இதற்குத் தப்பவில்லை. அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயருக்குத் தமிழில் 'புழுபூச்சி' என்று பொருள். மனிதர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். 1961இல் மறுபடியும் ஒரு சுற்று நடந்தது. எல்லை நெடுக இரண்டு சுற்றிலும் சேர்த்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு அது ஒரு பாடமாகவும் இருந்தது: வாயைத் திறந்தால் அடுத்த லாரி உனக்கு.

ரெண்டு பக்கமும் பேசிக்கவே முடியாதா? கையாட்டினா என்ன ஆகும்?

மேற்கிலிருந்து யாரும் கையாட்டலாம், கூப்பிடலாம். கிழக்கிலிருந்து பதிலுக்குக் கையாட்டுவது தடை. காவல் கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அக்கா என்றாலும் அதே சட்டம்தான். கூட்டிப்போகிறவர்களில் வயதானவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

கிழக்குப் பாதிக்கு வெளியூர்க்காரர் வரவே சிறப்பு அனுமதி வேண்டும். கல்யாணத்துக்குக்கூடச் சொந்தக்காரர்களை நினைத்த நேரத்தில் அழைக்க முடியாது. உள்ளூர்க்காரர்களின் அடையாள அட்டையில் தனி முத்திரை. இருட்டிய பிறகு வெளியே நடமாடக் கட்டுப்பாடு. இரவெல்லாம் சுவர்மேல் விளக்கு எரியும். இந்தப் பக்கம் மேற்கில், பஸ் பஸ்ஸாக மக்கள் வந்து சுவரை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரே ஊரின் ஒரு பாதிக்கு யாரும் வர முடியாது. மறுபாதியோ சுற்றுலாத் தலம்.

மேற்கிலிருந்து யாராவது சுவரைத் தொட்டுப் பார்க்கலாமா?

நல்ல கேள்வி, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லை என்பது சுவர் இல்லை, ஓடை. சுவர் கொஞ்சம் உள்ளே தள்ளி, முழுக்கக் கிழக்கின் நிலத்தில் நின்றது. ஆகவே ஓடையைத் தாண்டிச் சுவருக்குப் பக்கத்தில் போனாலே நீங்கள் இன்னொரு நாட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை அதனால்தான் கரையிலேயே எச்சரித்து நிறுத்தினார்கள்.

யாராவது தப்பிச்சாங்களா?

சுவர் வந்த பிறகு இங்கே அதைத் தாண்டித் தப்பியதாகச் சொல்லப்படும் கதை ஒன்றுதான். 1973 மே மாதம், எல்லைப் பகுதிக்குள் வர அனுமதி இருந்த ஒருவர் வண்டியைச் சுவருக்கு அருகில் கொண்டுபோய், ஏணி வைத்து ஏறி இந்தப் பக்கம் குதித்துவிட்டார். எந்திரமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. ஓர் ஏணி!

'குட்டி பெர்லின்'னு பேர் வெச்சது யாரு?

அமெரிக்கச் சிப்பாய்கள். 'லிட்டில் பெர்லின்' என்பது அவர்கள் வாயில் வந்து அப்படியே நிலைத்துவிட்டது. 1983 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) இங்கே வந்து சுவரைப் பார்த்தார். ஐம்பது பேர் ஊருக்கு அது பெரிய நாள்.

நிஜ பெர்லினோடும் இந்த வட்டாரத்துக்குத் தொடர்பு உண்டு. ஏ9 நெடுஞ்சாலை ஸாலே ஆற்றைத் தாண்டும் பாலம் 1945இல் தகர்க்கப்பட்டது. திரும்பத் திறந்தது 1966இல். இடையில் பவேரியாவிலிருந்து பெர்லின் போகும் கார்களும் லாரிகளும் டோப்பன் வழியாக, சாதாரண ஊர்ச் சாலையில்தான் எல்லையைத் தாண்டின. மோட்லராய்டிலிருந்து அது சில கிலோமீட்டர்தான். பெர்லினுக்குப் போகிறவர் தாண்டலாம், பக்கத்து வீட்டுக்குப் போகிறவர் தாண்ட முடியாது.

கிழக்கு, மேற்குன்னு சொல்றீங்க. போன்ல மேப்பைப் பார்த்தா வடக்கு, தெற்கா இருக்கே?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். இந்த இடத்தில் எல்லை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதனால் 'கிழக்கு' மோட்லராய்ட் உண்மையில் வடக்கே இருக்கிறது, 'மேற்கு' தெற்கே. கிழக்கு, மேற்கு என்பது அரசியல் திசை. சூரியனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெர்லின் சுவர் விழுந்த அன்னிக்கே இங்கேயும் திறந்துட்டாங்களா?

இல்லை, சரியாக ஒரு மாதம் கழித்து. 1989 நவம்பர் 9 இரவு பெர்லினில் திறந்தது. ஹோஃப் நகரம் அதற்கும் முன்பே பரபரப்பைப் பார்த்துவிட்டது. பிராகில் உள்ள மேற்கு ஜெர்மன் தூதரகத்தில் தஞ்சம் புகுந்த கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிய ரயில்கள் அக்டோபர் 1 அன்று ஹோஃப் நிலையத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. ஆனால் மோட்லராய்டில் கடவுச்சாவடி எதுவும் கிடையாது. நவம்பர் முழுக்க, எதிர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் வேறொரு சாவடி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். டிசம்பர் 9ஆம் தேதி சுவரில் வழி திறந்து, நடந்து போகிறவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

சுவரை மொத்தமா இடிச்சாச்சா? பார்க்க என்ன இருக்கு?

1990 ஜூன் 17 அன்று எந்திரத்தை விட்டு இடித்தார்கள். தேதிக்கு அர்த்தம் உண்டு: 1953 ஜூன் 17 கிழக்கு ஜெர்மனியில் மக்கள் கிளர்ந்து எழுந்து நசுக்கப்பட்ட நாள். மேற்கில் அதைத்தான் அப்போது ஒருமைப்பாட்டு நாளாகக் கொண்டாடினார்கள். நல்லவேளையாக யாரோ யோசித்திருக்கிறார்கள். சுமார் 100 மீட்டர் சுவரை விட்டுவைத்தார்கள். அதைச் சுற்றி ஒரு அருங்காட்சியகம் வளர்ந்தது. சுவர், வேலி, காவல் கோபுரம், எல்லைக் கம்பங்கள் எல்லாம் திறந்தவெளியிலேயே இருக்கின்றன. 2015இல் இந்த ஊரின் கதையைத் தழுவி ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. அதன் பிறகு கூட்டமும் கூடிவிட்டது. படப்பிடிப்பு நடந்தது செக் நாட்டில் என்பதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம்.

நாடே ஒண்ணாயிடுச்சு. ஊரை ஏன் இன்னும் ஒண்ணாக்கல?

காரில் திரும்பும்போது கண்டிப்பாக வரும் கேள்வி. 1990இல் போனது நாடுகளுக்கு இடையிலான எல்லை. மாநில எல்லை அதற்கு நானூறு வருடம் மூத்தது (முன்பே சொன்னேன்), அது அப்படியே இருந்துவிட்டது. மாற்றவே முடியாது என்றும் இல்லை. ஜெர்மன் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுப்படி, 50,000 பேருக்கு மேற்படாத பகுதியை இரு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது பேர் ஊருக்கு அது தாராளமாகப் பொருந்தும்.

ஆனால் எந்தப் பக்கம் சேர்ப்பது? பள்ளிக்கூடம், ஊராட்சி, நிலப் பதிவு, வரி என்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவாக இருந்தது எல்லை இல்லை, சுவர். மற்றவர்கள்தான் இதைக் குறையாகப் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்ப அங்கே இருக்கிறவங்களுக்கு என்னதான் வித்தியாசம்?

அஞ்சல் குறியீடு வேறு, தொலைபேசிக் குறியீடு வேறு. கார் எண் பலகை ஓடைக்கு அந்தப் பக்கம் எஸ்.ஓ.கே., இந்தப் பக்கம் எச்.ஓ. ஊராட்சித் தலைவர்கள் இரண்டு பேர். வணக்கம் சொல்வதும் வேறு: பவேரியாவில் 'குரூஸ் காட்', துரிங்கியாவில் 'கூட்டன் டாக்'.

பெரிய வேடிக்கை விடுமுறைகள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். பவேரியாவில் விடுமுறை, ஓடைக்கு அப்பால் வேலை நாள். அக்டோபர் 31 சீர்திருத்த நாள், துரிங்கியாவில் விடுமுறை. மறுநாள் நவம்பர் 1, பவேரியாவில் விடுமுறை. செப்டம்பர் 20 குழந்தைகள் தினம், 2019 முதல் துரிங்கியாவில் மட்டும். பள்ளிக் கோடை விடுமுறையும் சேர்ந்து வராது. பவேரியாப் பிள்ளைகள் செப்டம்பர் நடுவில்தான் பள்ளிக்குத் திரும்புவார்கள்.

இப்படிப் பிரிஞ்ச ஊர் உலகத்துலேயே இது ஒண்ணுதானே?

ஜெர்மனிக்குள்ளேயே வேறு உண்டு. வடக்கே ஸிஷெரி, பெக்விட்ஸ் என்று ஒட்டிய இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் சுவர் நின்றது. அதைவிட மோசமான கதி பில்முட்ஹௌஸனுக்கு. துரிங்கியாவின் தெற்கு ஓரத்தில் எல்லைக்கு மிக அருகில் இருந்த அந்த ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலிசெய்து 1978இல் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று அங்கே கல்லறைகளும் ஒரு நினைவிடமும்தான். மோட்லராய்ட் தப்பியது.

எல்லைப் பட்டை நிலம் இப்ப என்ன ஆச்சு? பிளாட் போட்டுட்டாங்களா?

நம் ஆட்கள் தவறாமல் கேட்பது! இல்லை. நாற்பது வருடம் மனிதக் கால் படாததால் அந்தப் பட்டையில் அரிய பறவைகளும் செடிகளும் பெருகியிருந்தன. 1989 டிசம்பர் 9, அதாவது மோட்லராய்டில் வழி திறந்த அதே நாள், ஹோஃபில் இரு பக்கத்து இயற்கை ஆர்வலர்களும் முதல் முறையாகக் கூடி, இதைப் 'பசுமைப் பட்டை'யாகக் காக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். துரிங்கியா தன் பங்கான 763 கிலோமீட்டரை 2018இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டது.

நாங்களே தனியா போய்ட்டு வரலாமா?

கார் இருந்தால் சுலபம், பஸ்ஸை நம்ப வேண்டாம். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காலம் என்றால் தடித்த காலணி. முதலில் சுவருக்குப் போகாதீர்கள்; ஓடையோரமாக நடந்து 1810 எல்லைக் கல்லைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் சுவருக்கு வாருங்கள். ஓடையைத் தாண்டும்போது போன் எதுவும் சொல்லாது, காவலரும் இருக்க மாட்டார். எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால், நிற்கும் கார்களின் எண் பலகையைப் பாருங்கள்.